எஜமானியம்மாவுக்குக் கஞ்சி

"பாருங்க டீச்சரம்மா, இன்னிக்கும் கிளம்பிட்டா!"

துணி அலசிக்கொண்டிருந்த ஃபிலிஸ் ஈரக் கையை நீட்டிக் காட்டினாள். சோளக் கஞ்சிச் சட்டியைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு, மேட்டிலிருந்த பெரிய வீட்டை நோக்கி டார்கஸ் போய்க்கொண்டிருந்தாள்.

"அங்கே யார் இருக்காங்க?" என்றாள் அடலேட்.

"எங்க பிள்ளைங்களையெல்லாம் ஆடு மாடு மாதிரி வித்தாளே, அந்த வெள்ளைக்கார லாட்டிமர் அம்மாதான். மகன் போர்ல செத்துட்டான். அவளுக்குக் கண்ணும் போச்சு. இவ தினம் போய் ஊட்டிவிட்டுட்டு வரா." ஃபிலிஸ் குரலை உயர்த்தினாள். "ஏக்கா! நமக்கு விடுதலை வந்தாச்சு, உங்கிட்ட யாரும் சொல்லலையா?"

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். டார்கஸும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடையைக் கட்டினாள்.

அடலேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் கறுப்பினப் பெண்தான். ஆனால் பிலடெல்ஃபியாவில் சுதந்திரமாகப் பிறந்தவள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தனம் ஒழிந்த பிறகு தெற்கே மக்கள் எப்படித் தலையெடுக்கிறார்கள் என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ந்து எழுத, ஒரு சங்கம் அவளை ஜார்ஜியாவுக்கு அனுப்பியிருந்தது. புதுப் பள்ளிக்கூடம், சொந்தத் தேவாலயம், முதல்முறையாக ஓட்டுப் போட்ட ஆண்கள் என்று பெருமையாக எழுதிக்கொண்டு வந்தவளுக்கு இந்தக் கஞ்சிச் சட்டி மட்டும் நெஞ்சை உறுத்தியது.

மறுநாள் டார்கஸின் குடிசைக்கே போய்விட்டாள்.

"ஏம்மா, அந்தப் பொம்பளைக்கு எதுக்குக் கஞ்சி?"

"பசிக்குதே டீச்சரம்மா."

"உங்க பிள்ளைங்களை வித்தவ!"

டார்கஸ் அடுப்பிலிருந்த கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டாள்.

"ஆமா. ரெண்டு பேரையும்." அகப்பையால் கிளறினாள். "என்னோட வரீங்களா? ஆனா அங்கே மூச்சு விடக் கூடாது. வேத்துக் குரல் கேட்டா அந்தம்மா வாயைத் திறக்காது."

பெரிய வீட்டின் சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தது. கிழவி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏய் குட்டி, எங்கே ஊர் சுத்திட்டு வரே? நேத்து கஞ்சியில உப்பே இல்ல."

அடலேட்டுக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலோரம் நின்றாள்.

"இன்னிக்குச் சரியாப் போட்டிருக்கேன் எஜமானியம்மா." டார்கஸ் ஒரு வாய் ஊட்டினாள். "இந்த வீட்டுல எப்பேர்ப்பட்ட விருந்தெல்லாம் நடந்துச்சு! பீச் பழம் பழுத்த சமயம் ஒரு விருந்து. சாம்பல் குதிரையில ஒருத்தர் வந்தாரே..."

"அவனா? குடிகாரன்! என் நீலப் பட்டு கவுன்ல மதுவைக் கொட்டினவன்."

"ஐயோ, அந்த நல்ல கவுன்லயா! அவர் பேர் என்னமோ..."

"கிரிம்ஷா. மிசிசிப்பியில, நாச்சஸ் பக்கத்துல பருத்தித் தோட்டம். அவன் வாங்கிட்டுப் போன பையன் வண்டியில ஏறமாட்டேன்னு என்ன அழுகை! விருந்தே கெட்டுப்போச்சு."

டார்கஸ் சட்டியின் அடியை வழித்துக் கரண்டியை நிரப்பினாள்.

"இன்னும் ஒரு வாய் எஜமானியம்மா."

வெளியே வந்து வேலியைத் தாண்டியதும் டார்கஸ் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின.

"பேரும் கெடச்சுது, ஊரும் கெடச்சுது! கர்த்தரே, கெடச்சுது!"

அடலேட்டுக்கு எல்லாம் புரிந்தது. அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டேன். கதவைச் சாத்திடுச்சு. பழம்பெருமை பேசறப்பதான் அந்த வாயில உண்மை வருது. அதுவும் வயிறு நிறைஞ்சாத்தான்."

"ஃபிலிஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. பாவி, எப்படிச் சிரிச்சா உங்களைப் பார்த்து!"

"சொன்னா அவ சும்மா இருப்பாளா? ஓடி வந்து அந்தம்மா கழுத்தைப் பிடிச்சிருப்பா. அப்புறம் ஒரு பேரும் வெளியே வராது. சிரிச்சிட்டுப் போகட்டும்."

"நான் எழுதறேன்ம்மா. நாச்சஸ்ல இருக்கிற நம்ம தேவாலயத்துக்கெல்லாம் இன்னிக்கே எழுதறேன். ஞாயித்துக்கிழமை ஆராதனையில சத்தமா வாசிக்கச் சொல்றேன். உங்க மகன் எங்கே இருந்தாலும் காதுல விழும். பேரைச் சொல்லுங்க."

டார்கஸ் தலையை ஆட்டினாள்.

"என் பிள்ளைங்க ரெண்டும் அலபாமாவுல காய்ச்சல் கண்டு போயிட்டாங்கன்னு போன வருஷமே தெரிஞ்சுபோச்சு டீச்சரம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஐசம்னு எழுதுங்க. நம்ம ஃபிலிஸோட பையன்."