பரிசோதனைக்குப் போன கூடு

காட்டில் பலவீனமான கூடுகளைக் கண்டுபிடிக்கும் அதிகாரியாக ஒரு குரங்கு இருந்தது. ஒருநாள் அது தூக்கணாங்குருவியின் கூட்டைக் கிளையோடு ஒடித்து, பரிசோதனைக்காகத் தன் மரத்துக்குக் கொண்டுபோனது.

குருவி பதறிப் பின்னாலேயே பறந்து வந்தது. "ஐயா, உள்ளே என் முட்டை இருக்குது."

"பரிசோதனை முடியற வரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது. அதுதான் சட்டம்."

"சரிங்க ஐயா. அப்படின்னா அதுவரைக்கும் நீங்கதான் அடைகாக்கணும்."

"நானா? கூட்டை எடுக்கத்தான் எனக்கு அதிகாரம். அடைகாக்கிறது என் வேலையில்லை."

"எடுத்தது நீங்கதானே? உங்க கையில இருக்கும்போது அது குளிர்ந்துபோனா நான் யாரைக் கேட்கிறது?"

குரங்கு தலையைச் சொறிந்தது. இதுவரை எத்தனையோ கூடுகளை எடுத்திருந்தது. இப்படி யாரும் கேட்டதில்லை. காற்று சில்லென்று வீசவே, கூட்டை மெல்ல மார்போடு அணைத்துக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளே ஏதோ சத்தம். காதை வைத்துக் கேட்டது.

"யாரோ தட்டுறாங்க!" என்றது வியப்போடு.

"ஓடு உடையுதுங்க ஐயா." குருவி எட்ட நின்றபடியே சிறகடித்தது.

"அப்ப சீக்கிரம் உள்ளே போம்மா!"

குருவி நுழைந்தது. கை கடுத்தபோதும் குரங்கு கூட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "குஞ்சுக்கு என்ன பூச்சி பிடிக்கும்?"