பின்சுவர்

தன் முதுகுக்குப் பின்னால் எவனோ நிற்கிறான் என்றுதான் தணிகைவேல் மனநல மருத்துவர் ஜெசிந்தாவிடம் வந்துகொண்டிருந்தார். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாற்பது பேர். எண்ணிக்கை குறைந்தால் மருத்துவமனை சம்பளத்தில் பிடித்துவிடும். அதற்காகவே நோயாளியின் நாற்காலிக்குப் பின்சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தார்கள்.

“என் பின்னாடி என்னத்த மேடம் பாத்துக்கிட்டே இருக்கீங்க?”

“மணிதாங்க பாத்தேன்.”

தணிகைவேல் திரும்பிப் பார்த்தார். நம்பவில்லை. “மணி பாக்குறவங்க இப்படியா பயந்து பயந்து பாப்பாங்க?”

மறுவாரம் அவர் வருவதற்குள் ஜெசிந்தா கடிகாரத்தைக் கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டார். ஆணி மட்டும் இருந்தது. தணிகைவேல் பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவரின் கண்கள் அந்த வெறும் சுவருக்குப் போய்ப் போய்த் திரும்பின.

தணிகைவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப கடிகாரமும் இல்ல. உங்களுக்கும் அவன் தெரியுறான்ல மேடம்?”