நெரிசல் கூண்டு

நத்தையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் அளந்தேன். அதே அளவுதான். கொழுகொழுவென்று இருந்தது.

முழங்கால் வரை சேறு. பொழுது சாயப் போகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நெல் வயலுக்குள் வலை கட்டி இரண்டு கூண்டு. ஒன்றில் நான்கு நத்தை, இன்னொன்றில் அறுபது. ஒரே நாளில் பொரித்தவை, ஒரே தண்ணீர், ஒரே நாற்று. நெரிசலில் வளரும் நத்தை சிறுத்துப் போகும், முட்டையையும் குறைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அதை இந்த வயலில் அளந்து காட்டுவதுதான் என் வேலை.

இங்கே எல்லாம் தலைகீழ். நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அறுபதும் அவற்றைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கின்றன. கூண்டுக் குச்சியெல்லாம் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து.

அந்தக் கூண்டில் தின்ன என்ன இருக்கிறது? நாற்றையெல்லாம் எப்போதோ மொட்டையடித்துவிட்டன. காற்றைக் குடித்தா கொழுக்கும்?

வலையில் ஓட்டை தேடினேன். இல்லை. கூண்டு எண் எழுதிய பலகையை மாற்றி நட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். அதுவும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே இருப்பவை நத்தைதானா என்றே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

பேராசிரியர் காலையில் சொன்னது காதிலேயே நிற்கிறது. நாளைக்குள் காரணம் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் இந்தப் பருவமே வீண். நிரந்தர வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

வேலை போனால் மயிரே போச்சு என்று இருந்துவிடலாம். அதோடு கிடைக்கவிருக்கும் குவார்ட்டர்ஸும் போகுமே. இரண்டு அறை, தாழ்ப்பாள் உள்ள கதவு. இப்போது ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய மூன்று வாலுகள், அப்புறம் நாங்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் என் வீட்டுக்காரரோடு நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பைக்கில், ஹெல்மெட்டோடு. மாமியார் வேறு மாதம் தவறாமல் ‘ஏதாவது விசேஷம் உண்டா’ என்று கேட்கிறார். அந்த அறையில் எங்கிருந்து வரும் விசேஷம்?

தினமும் நான் கருவிகளை ஆய்வு அறையில் வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் தன் காய்கறிக் கடையைச் சாத்திவிட்டு வந்து வரப்பில் காத்திருப்பார். இன்றைக்குக் கழுவப் போகவே தோன்றவில்லை. பயிருக்கு நடுவே சேற்றோடு சேறாகக் குந்தியிருந்தேன். அதனால்தான் அவர் என்னைக் கவனிக்கவில்லை.

வந்தவர் கையில் ஒரு கோணிப்பை. அறுபது நத்தை இருந்த கூண்டின் மேல்வலையைத் தூக்கி, பையை உள்ளே கவிழ்த்தார். முட்டைக்கோஸ் இலை, கீரைத் தண்டு, வாடிய முள்ளங்கி இலை. அன்றைய கடைக் கழிவு முழுக்க அதில் இருந்தது.

எழுந்து நின்றேன். மனிதர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு, திருடும்போது பிடிபட்டவர் மாதிரிச் சிரித்தார்.

“பாவமா இருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, நம்ம வீடு மாதிரியே. அதான் தினமும் கொஞ்சம் போட்டுட்டு இருக்கேன். விடியறதுக்குள்ள ஒரு தண்டுகூட மிச்சம் வைக்காதுங்க.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு நப்பாசை. இரண்டு கூண்டுக்கும் ஒரே மாதிரி போட்டிருந்தால், ஒப்பிட்டுச் சொல்ல ஏதாவது மிஞ்சும்.

“அந்த நாலுக்கும் போட்டீங்களா?”

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அதுங்களுக்கு எதுக்கு? அதுங்கதான் தனிக்குடித்தனம் போயாச்சே.”