கூண்டுக்குள் பவளக்கொடி

எங்கள் மிருகக்காட்சி சாலையில் புலி செத்து வருஷமாச்சு. ஜனங்கள் எடுத்துவைத்த படங்களையெல்லாம் கோத்து, கூண்டுக்குள் வெளிச்சத்தாலேயே ஒரு புலியை உலவ விட்டிருக்கிறார்கள். கூட்டுவதற்கு மட்டும் நான்.

போன மாசம் அந்தப் புலிக்குப் பின்னால் என் சம்சாரம் பவளக்கொடி கூட்டிக்கொண்டிருந்தாள். அவளும் செத்தவள்தான். ஏதோ படத்தின் ஓரத்தில் இருந்திருக்கிறாள். முதுகுதான் தெரிந்தது. கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஞாயிறு தவறாமல் படமெடுக்க வரும் நீலமேகம் சாரிடம், "அவ முகம் தெரியற படம் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"படத்துல ஆள் விழுந்தா கெட்டுடும்னு, 'அந்தப் பக்கம் திரும்பும்மா'ன்னு நாங்கதானேப்பா விரட்டுவோம்?" என்று சிரித்தார். "கவலைப்படாதே மருதை. ஆபீஸ்ல சொல்றேன். மெஷினே ஒரு முகம் போட்டுக்கும்."

"போடச் சொல்லுங்க சார்" என்றேன்.

இந்த ஞாயிறு கூப்பிட்டதும் திரும்பினாள். யாரோ ஒருத்தியின் முகம். என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இவ இல்ல சார்!" என்று ஓடினேன்.

"சரி, எப்படி இருப்பான்னு சொல்லு. மாத்திடலாம்."

சொல்ல வாயெடுத்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். கூண்டில் சிரித்தவள்தான் வந்தாள்.