வீராணத்துக்கு ஒரு வேன்

“ரெண்டு பேருக்கு எதுக்கும்மா ஏரிக்கரையில அவ்வளவு பெரிய குடிலு?”

முதுகுக்குப் பின்னால் மாமியார் இருசம்மாளின் குரல் கேட்டதும் வெண்மதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்துக்கொண்டிருந்த செல்போனைச் சட்டென்று கவிழ்த்தாள். பக்கத்தில் அவள் கணவன் அருள்முருகன் திருதிருவென்று விழித்தான்.

கல்யாணமான மறுமாதமே சிங்கப்பூர் போனவன், ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் லீவில் வந்திருக்கிறான். வந்த நேரம் கத்திரி வெயில். கடலூரில் ராத்திரியும் புழுங்கித் தள்ளியது. வீட்டுக்கு ஒரே ஏசி, அதுவும் இவர்கள் அறையில். எனவே மாமனார், மாமியார், சிதம்பரத்திலிருந்து கோடை லீவுக்கு வந்த நாத்தனார் பவானி, அவளுடைய இரண்டு பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அங்கேதான் பாய். வெண்மதி ஏசியை இருபத்துநாலுக்குக் குறைத்தால் மாமனார் இருமுவார். உடனே மாமியார் எழுந்து இருபத்தேழில் வைப்பார்.

புருஷனிடம் மனம்விட்டு நாலு வார்த்தை பேச வழியில்லை. சினிமாவுக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தொற்றிக்கொண்டார்கள். திருவந்திபுரம் கோயிலுக்குப் போனால், மாமனார் மொபெட்டில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். பாதி லீவு இப்படியே போய்விட்டது. கடைசியில் கண்ணில் பட்டதுதான் வீராணம் ஏரிக்கரைத் தோப்பில் வாடகைக்கு விடும் அந்தக் குடில்.

“இல்ல அத்தை, சும்மா ரெண்டு நாளு காத்தாட இருந்துட்டு வரலாம்னு...” என்று இழுத்தாள் வெண்மதி.

“ஏரிக்கா? அங்க டென்ட்டு எல்லாம் போடுவாங்களே. மாமா, நாங்களும் வரோம்.” பவானியின் பிள்ளைகள் இரண்டும் எங்கிருந்தோ வந்து குதித்தன.

வெண்மதி மாமியாரைப் பார்த்தாள். ‘அவுங்க மட்டும் போயிட்டு வரட்டும்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருசம்மாள் பிள்ளைகளைப் பார்த்தார், மருமகளின் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார்.

“பசங்க மட்டும் எதுக்கு? எல்லாருமே போலாம். ஒரு வேன சொல்லிடுவோம்.”

வெண்மதிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மாமியார் வேலையில் இறங்கிய அழகே தனி. தோப்புக்காரர் கோவிந்தசாமியைப் போனில் பிடித்து உலுக்கி எடுத்தார்.

“ஏரில தண்ணி கெடக்குதா, மாடு மேயுதா? உண்மைய சொல்லிடுங்க. சரி, மத்தியானம் எந்தப் பக்கம் நெழலு விழும்? அந்தப் பக்கமா டென்ட்ட அடிங்க. கக்கூஸுல லைட்டு எரியுதா? பசங்க தண்ணில எறங்காம பாத்துக்க ஆளு இருக்குதா?”

வீட்டைவிட்டு நகரவே மாட்டேன் என்ற மாமனாரை, “ஏரிக்காத்து பட்டா உங்க இருமலு ஓடிப்போயிடும்” என்ற ஒரே வார்த்தையில் சம்மதிக்க வைத்தார். புளிசாதம், தயிர்சாதம், நன்னாரி சர்பத், கொசுவத்தி, டார்ச் லைட் என்று ஒன்றைக்கூட மறக்கவில்லை. மூன்று மாநிலத்துக்கு டூர் நடத்துகிறவர்கள் இவரிடம் வந்து பாடம் கேட்கலாம் என்று தோன்றியது வெண்மதிக்கு. கோபத்தை மீறி மலைத்துத்தான் போனாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டு புஷ்பவள்ளியையும் குடும்பத்தோடு கூப்பிட்டுவிட்டார்.

“ஊரையே கூட்டிக்கிட்டுப் போறாங்க உங்கம்மா. நான் வேணா வூட்லயே இருந்துடறேங்க,” என்று சமையலறையில் கணவனிடம் பொருமினாள் வெண்மதி.

“அப்புறம் அம்மா மனசு கஷ்டப்படும் மதி. உட்டுடு,” என்றான் அவன்.

கிளம்புவதற்கு முதல் நாள், ஏசியை சர்வீஸ் செய்ய ஆள் வந்தான்.

“நாளைக்கு ஊருக்குப் போறப்ப இப்ப எதுக்கத்தை இது?”

“ரொம்ப நாளா கொறட்ட உடுதும்மா அது. ஆளு கெடைக்கறப்ப பாத்துடணும்,” என்றார் இருசம்மாள்.

மறுநாள் காலை வேன் வந்தது. அறையில் இருந்த பாய், தலையணை, போர்வை அத்தனையையும் சுருட்டி வண்டியின் மேலே ஏற்றச் சொன்னார் இருசம்மாள். பிள்ளைகள் ஜன்னலோரம் பிடித்தார்கள். புஷ்பவள்ளி குடும்பம் பின்சீட்டை நிரப்பியது. வெண்மதி பையோடு கடைசியாக வந்தாள்.

வாசற்படியில் நின்ற இருசம்மாள் வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

“எடமில்லயேம்மா.”

வெண்மதி பையைக் கீழே வைத்தாள். ஆசைப்பட்டு முதலில் தேடிய தனக்கே இடமில்லையா?

“நாங்க பைக்குல பின்னாடியே வந்துடறோம்மா,” என்றான் அருள்முருகன்.

“இந்த வெயில்ல சிதம்பரம் தாண்டி பைக்குலயா? ஒண்ணும் வேணாம். வூட்லயே கெடங்க ரெண்டு பேரும்.”

“அத்தையும் மாமாவும் வரலியா?” என்று உள்ளேயிருந்து பிள்ளைகள் சிணுங்கினார்கள்.

“வூட்டப் பாத்துக்க ஆளு வேணாமா? சும்மா இருங்க,” என்று அதட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார் இருசம்மாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். வெண்மதி கலங்கிய கண்ணோடு உள்ளே போகத் திரும்பினாள்.

“ஏம்மா வெண்மதி, இங்க வா.”

ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். இருசம்மாள் தலையை வெளியே நீட்டி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“மீன்கொழம்பு வச்சிருக்கேன், தோசமாவு பிரிஜ்ஜுல இருக்குது. நாளன்னைக்கு சாயங்காலம்தான் வருவோம், அதுவும் போன் பண்ணிட்டுத்தான் வருவோம். ஏசிய இருபதுல வச்சிட்டு வந்திருக்கேன். இன்னும் கொறைக்கணும்னாலும் கொறச்சிக்க, ரெண்டு நாளைக்கு அந்த ரூம்புல இரும ஆளில்ல.”