அறுபத்து நாலாம் வருஷத்து கிடார்

"ஒரு ஆள் சொன்னா வேதமா? அதான் ரெண்டாவது கடைக்குக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் பெரியவர்.

கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டார். மேஜை மேல் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடார். எதிரே, அதை வாங்கிவிட்டு இறந்துபோனவரின் மனைவி. பக்கத்தில் கணவரின் அண்ணனான இந்தப் பெரியவர்.

"மாடி கட்ட வச்சிருந்த பணத்தைத் தூக்கிக் குடுத்து இதை வாங்கினான் என் தம்பி. அறுபத்து நாலுல செஞ்சதாம்! வித்தவன் இவன் தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்."

"அவர் ஏமாறல மாமா," என்றாள் அவள். "நீங்க பொண்ணு முன்னாடியே சொல்லிச் சொல்லி, 'அப்பா ஏமாளியாம்மா'ன்னு அவ என்கிட்ட கேக்கறா."

பைக்குள்ளிருந்து மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அறுபத்து நாலாம் வருஷம், அசல் என்றிருந்தது. கீழே விலை. அதற்கும் கீழே முதல் கடைக்காரன் நெட்டையனின் கையெழுத்து.

கடைக்காரருக்குக் காது சுட்டது. ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள் இருவரும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இவர் ஒரு கிடாருக்குப் போட்ட தேதி தப்பு என்று நாலு வாடிக்கையாளர் முன்னால் மூக்கை உடைத்தவன் நெட்டையன். அன்றோடு பேச்சு நின்றது.

"விக்கறதா இருந்தா என்கிட்டதான் விக்கணும், இதே விலைக்கு எடுத்துக்கறேன்னு அந்தக் கடைக்காரர் சொன்னாரு," என்றாள். "நான் விக்க மாட்டேன்."

'அப்படிப் போடு! ஏதோ உள்வேலை இருக்கு' என்று நினைத்துக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.

பின்பக்கத் தகட்டில் இருந்த வரிசை எண் அறுபத்து நாலாம் வருஷத்துக்கு உரியதுதான். ஆனால் அந்தத் தகட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். முன்பலகையைக் கழற்றி, சத்தம் கூட்டும் குமிழின் அடிப்பக்கத்தை லென்ஸில் பார்த்தார். எழுபத்தொன்பது என்று அச்சு. கம்பியில் வைத்த ஈயமும் யாரும் தொடாதது. ஆக, குமிழை இடையில் மாற்றவில்லை. கிடாரே எழுபத்தொன்பதில் செய்த நகல்தான்.

மாட்டினான் நெட்டையன்! நாளைக்கே ஊரெல்லாம் சொல்லலாம்.

எதற்கும் இன்னொரு சாட்சி இருக்கட்டும் என்று கிடாரின் கழுத்தையும் கழற்றினார். அதன் அடியில்தான் செய்தவர்கள் பென்சிலால் தேதி எழுதுவார்கள்.

பார்த்தார். லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன, பித்தளையா? பல்லை இளிச்சிடுச்சா?" என்றார் பெரியவர் ஆவலாக.

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கடைக்காரர் கழுத்தைப் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்.

"அறுபத்து நாலுதான். அசல்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"என் கண்ணு மேல சந்தேகம்னா மூணாவது கடைக்குப் போங்க."

கடைக்காரர் சீட்டு எழுதி, நெட்டையன் போட்ட விலையையே போட்டு அவளிடம் கொடுத்தார்.

"விக்கற எண்ணம் வந்தா அவர்கிட்ட போங்க. இல்லேன்னா இங்க வாங்க. வேற எங்கயும் குடுத்துடாதீங்க."

"எம்பொண்ணுகிட்ட காட்டணும்," என்று சீட்டை நான்காக மடித்துக்கொண்டு அவள் வெளியே போனாள். பெரியவர் பின்னால் நடந்தார்.

கழுத்தின் அடியில் நெட்டையனின் சாய்ந்த எழுத்தில் இருந்தது இதுதான்:

'இவ்வளவு தூரம் கழற்றிப் பார்க்கிறவன் நீ ஒருத்தன்தான்டா. நகல் என்று எனக்கும் தெரியும். செத்தவனை இன்னொரு தடவை ஏமாளி ஆக்காதே.'