நீங்க, வாங்க மாடல்

மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனைக்கே வந்துவிட்டார்கள். கூடம் அடுப்பாகக் கொதித்தது. வெளியே ஏசியின் கம்ப்ரசர் உறுமியது, உள்விசிறி மட்டும் அசையவில்லை. ஓய்வுபெற்ற இணை இயக்குநர் அரங்கநாயகம், "டேய், சுத்துடா!" என்று அதை அதட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் பிலவேந்திரன் மூடியைக் கழற்றினான். "மோட்டார், கெபாசிட்டர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். இது புது மாடல். வாடா போடான்னா உம்முன்னு உக்காந்துக்கும்."

"முப்பது வருஷம் ஆபீசர்யா நானு! மெஷினுக்கு மரியாதையா?"

"அப்ப விசிறிமட்டை எடுத்து வைங்க சார்."

வாசலில் கார் வந்து நின்றது. அரங்கநாயகம் கைகூப்பினார். "ஐயா, கொஞ்சம் சுத்துங்க."

குளிர்காற்று குபுகுபுவென்று வீசியது. நிம்மதியோடு சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏய், காபி கொண்டா!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"நானும் இன்னையிலேருந்து புது மாடல்தாங்க."